கடைமடைச் செய்தியின் தொண்ணூறாம் நாள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பொன்செல்வி ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தில் பேருந்தைவிட்டு இறங்கியபோது, அவளுடைய தோள்பைக்குள் ஒரு செய்தி நிறுவனம் முழுவதுமாக அடங்கியிருந்தது. கைப்பேசி ஒன்று, அதை நிறுத்துவதற்குக் கால் மடங்கும் தாங்கி ஒன்று, சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய மைக் ஒன்று. அந்த மைக்கைச் செருகுவதற்காகத் தெர்மாகோலைச் சதுரமாக அறுத்து, நான்கு பக்கமும் ‘கடைமடைச் செய்தி’ என்று அச்சிட்ட தாளை ஒட்டிய கட்டை ஒன்று. கோடு போட்ட குறிப்பேடு ஒன்று. நிறுவனர் அவளே, ஆசிரியர் அவளே, நிருபரும் ஒளிப்பதிவாளரும் விளம்பர மேலாளரும் அவளே. யூடியூபில் சந்தாதாரர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுள் இருநூறு பேராவது சேரன்மகாதேவிக்குக் கிழக்கே உள்ள அவளுடைய ஊர்க்காரர்கள். மற்றவர்கள் எப்படி வந்து மாட்டினார்கள் என்பது அவளுக்கே தெரியாது.

அவள் பாளையங்கோட்டையில் இதழியல் படிக்கச் சேர்ந்தபோது ஏற்பாடு வேறாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் ஆறு மாதம் ஏதேனும் ஒரு நாளிதழில் பயிற்சி; பயிற்சி முடிந்ததும் அங்கேயோ வேறோரிடத்திலோ வேலை. சேர்க்கை நாளன்று கொடுத்த கையேட்டில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. இறுதியாண்டு தொடங்கிய வாரத்தில், அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எறிந்தாற்போலப் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்கள். பயிற்சி போயிற்று. அதனிடத்தில் ‘ஊடகத் தொழில்முனைவு’ என்றொரு தாள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு செய்தி நிறுவனத்தைத் தொடங்கித் தொண்ணூறு நாள் நடத்த வேண்டும். தொண்ணூறாம் நாள் மாலை நான்கு மணிக்குள், ‘இவருடைய சேவையைப் பெற்றேன், மனநிறைவு அடைந்தேன்’ என்று ஒரு விளம்பரதாரர் முத்திரையிட்டுத் தந்த கடிதத்தை ஒப்படைக்க வேண்டும். கடிதம் இல்லையேல் தேர்ச்சி இல்லை.

செய்தியையும் விளம்பரத்தையும் நெல்லையும் பதரையும்போலப் பிரித்து வைக்க வேண்டும் என்று முதலாண்டில் கற்பித்தவர்கள் இவர்களே. இப்போது விளம்பரம் கொண்டு வந்தால்தான் செய்தியாளர் என்கிறவர்களும் இவர்களே. வேலை கேட்டு வந்த பிள்ளையை நிறுவனம் நடத்திக் காட்டு என்று அனுப்புவது எந்த ஊர் நியாயம் என்று கேட்பார் இல்லை. பொன்செல்வியும் கேட்கவில்லை, யாரிடம் கேட்பது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில், பாளையங்கோட்டைக்குப் பக்கத்து வண்ணார்பேட்டையில் ஒரு நாளிதழ் அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போயிருந்தாள். எழுத வருமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

“ஸ்கூட்டி இருக்கா? தீபாவளி மலருக்கு எத்தன விளம்பரம் பிடிப்ப?” என்று கேட்ட மேலாளர், கடைசியில், “சம்பளம்னு நெனக்காதம்மா. நீயும் நமக்கு ஒரு பார்ட்னர்” என்று கைகுலுக்கி அனுப்பினார். வேலை கிடைத்துவிட்டதா, கிடைக்கவில்லையா என்று தெரியாமலேயே அவள் வீட்டுக்கு வந்தாள். டிராக்டர் ஓட்டும் அப்பா சுடலைமணி, தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே கேட்டார்.

“ஏளா, பார்ட்னர்னா மொதலாளியா, வேலைக்காரியா?”

“தெரியலப்பா.”

“மூணு வருசம் படிச்சும் தெரியலயாக்கும்” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

இன்று தொண்ணூறாம் நாள். நல்ல வேளையாக, டவுணில் வடக்கு ரத வீதியில் பீர் மைதீன் என்பவர் திறக்கவிருந்த குழந்தைகள் துணிக்கடை அவளுக்கு வாய்த்திருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கடைத் திறப்பு. அவள் அதை நேரலையில் காட்ட வேண்டும். அவர் கடிதம் தருவார். அதற்கு முன்னால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் மனுக் கொடுக்கும் இடத்தில் ஒரு செய்தியை எடுத்துவிட்டால் தொண்ணூறு நாள் கணக்கும் நிறைந்துவிடும். பதினொன்றேகாலுக்குப் புறப்பட்டால் போதும் என்று எண்ணியிருந்தாள்.

வாசலில் காவலர் அவளுடைய தண்ணீர்ப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். முகப்பில் பெரிய தொலைக்காட்சிகளின் நிருபர்கள் நின்றார்கள். அவர்களுள் ஒருவர், “ஏ கடைமடை, பைய தள்ளி நில்லும்மா, பிரேம்ல விழுத” என்றார். அவள் தள்ளி நின்றாள். அப்படித் தள்ளி நின்ற இடத்துக்குத்தான் வடிவம்மாள் வந்தாள்.

ஐம்பது வயது இருக்கும். சித்திரை வெயிலிலும் தோளில் ஒரு கம்பளிச் சட்டையை மடித்துப் போட்டிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. கூட்டத்தில் அங்குமிங்கும் பார்த்தவள், பொன்செல்வியின் கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையையும் கையிலிருந்த குறிப்பேட்டையும் கண்டதும் நேரே நடந்து வந்தாள்.

“தாயி, நீதான் எழுதுறதா?”

“ஆமாம்மா. சொல்லுங்க. பேரு?”

“வடிவம்மாள்.”

“வீட்டுக்காரர் பேரு?”

“மாரிக்கண்ணு. செத்து ஏழு வருசமாச்சு.”

“எந்த ஊரு?”

“அதச் சொல்லத்தான வந்திருக்கேன். மாஞ்சோல எஸ்டேட்டு. இப்ப இல்ல. எஸ்டேட்ட மூடுனதும் எல்லாரும் கீழ எறங்கியாச்சுல்லா, இப்ப கல்லிடைக்குறிச்சியில வாடகைக்கு இருக்கேன். ஆனா விதவைப் பென்சன் இன்னும் மலைக்குத்தான் போவுது. அங்கன என்னயத் தேடுது. நான் மாசாமாசம் பஸ் பிடிச்சு மேல ஏறி, ‘இந்தா இருக்கேன்’னு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, மறுபடி எறங்கி வாரேன். போய்ட்டு வர ஒரு நாளு. முட்டுவலி ரெண்டு நாளு.”

பொன்செல்விக்கு உள்ளம் துள்ளியது. ஆளில்லாத மலைக்குப் போய்த் தன்னையே தேடிக் கண்டுபிடித்துவிட்டு வரும் பெண்! தொண்ணூறு நாளில் இப்படி ஒரு செய்தி கிட்டியதில்லை. பெயர், வயது, பழைய விலாசம், புதிய விலாசம், மகனின் கைப்பேசி எண் என ஒன்று விடாமல் கேட்டு எழுதினாள். தெர்மாகோல் மைக்கை நீட்டினாள். வடிவம்மாள் அதைத் தயங்காமல் வாங்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னாள்.

“பேரு பதிஞ்சாச்சுல்லா?”

“பதிஞ்சாச்சும்மா” என்றாள் பொன்செல்வி, குறிப்பேட்டைக் காட்டி.

வடிவம்மாள் அந்தக் குறிப்பேட்டின் மேல் பிளாஸ்டிக் உறையை வைத்தாள். பெரிய பாரத்தை இறக்கிவைத்தவளாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, மனுக்களையே மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான்கு பேர் கோஷத்துடன் உள்ளே வர, நிருபர்கள் எல்லாரும் அங்கே ஓடினார்கள். பொன்செல்வியும் குறிப்பேட்டை உறையோடு சேர்த்துப் பைக்குள் திணித்துவிட்டு ஓடினாள்.

பதினொன்றேகாலுக்குப் புறப்படும்போதுதான் பைக்குள் அந்த உறையைக் கண்டாள். குடும்ப அட்டை, கணவருடைய இறப்புச் சான்றிதழ், பென்சன் புத்தகம், நான்கு புகைப்படங்கள். நகல் ஒன்றும் இல்லை, எல்லாம் அசல். மனு என்று ஒரு தாள்கூட உள்ளே இல்லை.

வரிசையில் தேடினாள், வடிவம்மாள் இல்லை. குறித்து வைத்திருந்த எண்ணை அழைத்தாள். திருப்பூரிலிருந்து மகன் பேசினான்.

“அம்மா இன்னும் அங்கனயா இருக்கா? வேல முடிஞ்சிட்டுன்னு யார் போனையோ வாங்கிப் பேசுனாளே. பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்னா.”

“உங்க அம்மா மனுவே குடுக்கலங்க. டாக்குமெண்ட் எல்லாம் என்கிட்ட இருக்கு.”

“மேடம், நீங்க நோட்டுல பேர எழுதுனியளா?” என்று கேட்டான்.

“எழுதுனேன்.”

“அதான். எஸ்டேட்டுல காலையில பெரட்டுன்னு ஒண்ணு உண்டு. எல்லாரும் வரிசையா நிப்போம். கணக்கப்பிள்ள நோட்டுல பேர எழுதுவாரு. எழுதிட்டா அன்னைக்கு வேலையும் உண்டு, கூலியும் உண்டு. அதுக்குப் பெறவு ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. அம்மா முப்பத்தோரு வருசம் அப்பிடித்தான் நின்னிருக்கா. நீங்க எழுதுனதும் எல்லாம் முடிஞ்சிட்டுன்னு போயிருப்பா.”

பொன்செல்விக்குக் காது சுட்டது. கைப்பேசியின் சூடு அன்று அது.

ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வெளியே, வாகை மரத்தடியில் ஒரு மடக்கு மேசை கிடந்தது. மேசைமேல் மடிக்கணினி, சிறிய அச்சுப்பொறி, மை ஒற்றும் அட்டை. ‘மனு எழுதித் தரப்படும்’ என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பொன்செல்வி ஒவ்வொரு திங்களும் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறாள், பார்க்காததுபோலவும் போயிருக்கிறாள். அவள் பெயர் ஷம்ஸியா. இதே துறையில் இரண்டு ஆண்டுகள் மூத்தவள். தங்கப் பதக்கம் வாங்கியவள். அவளுடைய படத்தின் கீழே ‘ஊடகத் தொழில்முனைவோர்’ என்று போட்டுக் கல்லூரியின் இணையதளத்தில் இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். எந்த மரத்தடியில் என்பதை மட்டும் எழுதவில்லை.

“என்ன பிள்ள, இன்னைக்குத்தான் என்னயக் கண்ணு தெரிஞ்சதா?” என்றாள் ஷம்ஸியா. நடந்ததைக் கேட்டுவிட்டு உறையைப் புரட்டினாள். “மனு இல்ல, கையெழுத்து இல்ல, ஆளும் இல்ல. அப்ப அந்தம்மா இன்னைக்கு இங்க வரவே இல்லன்னு அர்த்தம்.”

“கவர உங்ககிட்ட குடுத்துட்டுப் போட்டுமாக்கா? அடுத்த திங்கக்கெழம வந்து வாங்கிக்கிடட்டும். எனக்குப் பன்னெண்டு மணிக்கு டவுண்ல கடை திறப்பு. லெட்டர் வாங்கலன்னா பேப்பர் போயிரும்.”

“குடு, வச்சிருக்கேன். ஆனா அது அடுத்த திங்கக்கெழம வராது. பேரு பதிஞ்சாச்சுன்னு வீட்டுல உக்காந்திருக்கும். எப்படா பென்சன் கீழ வரும்னு பாத்துக்கிட்டே இருக்கும். நீதான பதிஞ்சாச்சுன்னு சொன்ன?”

“ஆமா.”

“ஒரு மணிக்கு டோக்கன் நிறுத்திருவாங்க” என்று சொல்லிவிட்டு, ஷம்ஸியா அடுத்தவரைப் பார்த்து, “அண்ணாச்சி, உங்க ஓடை ஆக்கிரமிப்பு எந்த சர்வே நம்பரு?” என்று கேட்கத் தொடங்கினாள்.

பொன்செல்வி டார்லினை அழைத்தாள். டார்லின் அவளுடைய வகுப்புத் தோழி, உவரிக்காரி. கடற்கரையில் நடக்கும் மீன் ஏலத்தை நாள்தோறும் காலையில் ‘கரை விலை’ என்ற பெயரில் நேரலையாகக் காட்டுபவள். உள்நாட்டு மீன் வியாபாரிகள் நாற்பதாயிரம் பேர் அவளைப் பார்த்துத்தான் அன்றைய விலையை முடிவு செய்கிறார்கள்.

“ஏட்டி, நீ டவுண்லதான இருக்க? பீர் மைதீன் பாய் கடைக்குப் போயி எனக்காக லைவ் போட்டு வை. நான் வாரதுக்குப் பிந்தும்.”

“ஐயோ மாதாவே! நான் அயிலயும் சாளையும் கூவுன வாயி. சின்னப் பிள்ளைய கவுனப் பத்தி என்னத்தட்டி பேச?”

“வெல சொல்லு. ஒனக்குத் தெரிஞ்சது அதுதான.”

“போட்டி இவளே” என்று டார்லின் சிரித்தாள். ஆனால் போனாள்.

புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பேருந்து புறப்படும் நிலையில் நின்றது. சன்னலோரத்தில் வடிவம்மாள் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். பொன்செல்வி படியில் நின்றபடியே மூச்சு வாங்க விவரத்தைச் சொன்னாள். வடிவம்மாளுக்கு விளங்கவில்லை.

“ஒரு பேர எத்தன தடவ பதியணும்? நீ எழுதும்போது நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்?”

“அது என் நோட்டும்மா. ஆபீஸ் நோட்டு இல்ல. நான் பத்திரிகை.”

“எந்தப் பத்திரிகையில வேல பாக்க?”

“எதுலயும் இல்ல. என்னோடதுதான்.”

“ஒன்னோட பத்திரிகையா? அப்ப நீ மொதலாளி.”

“மொதலாளி இல்லம்மா. காலேஜில படிக்கேன்.”

“படிக்கிற பிள்ளன்னா எம் பேர எதுக்கு எழுதுன?”

பேருந்துக்குள் முன்னிருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாண்டுகளில் எந்தப் பேராசிரியரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. விடையைத் தேடியபோது ‘தொண்ணூறாவது வீடியோவுக்காக’ என்பதுதான் முதலில் வந்து நின்றது.

“நாலு பேருக்குத் தெரியட்டும்னுதாம்மா” என்றாள்.

“நாலு பேருக்குத் தெரிஞ்சா பென்சன் கீழ எறங்கி வந்துருமா?”

“தெரியலம்மா.”

நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, “யம்மா, ஏறுதியளா, எறங்குதியளா? ஒண்ணு செய்யுங்க” என்றார். வடிவம்மாள் மிச்ச பஜ்ஜியைத் தாளில் சுருட்டினாள். கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டாள். ‘கணக்கப்பிள்ளையே தப்பா எழுதுனா நாம என்ன செய்ய’ என்று முனகியபடி இறங்கினாள்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது பொன்செல்வி நான்கு தடவை மணி பார்த்தாள். “என்ன தாயி, ஒனக்கும் எங்கனயும் பேரு பதியணுமா?” என்று வடிவம்மாள் கேட்டாள். பொன்செல்வி கடிதத்தையும் நான்கு மணிக் கெடுவையும் பற்றிச் சொன்னாள். துணிக்கடைக்காரர் கடிதம் தந்தால் பிள்ளைகள் எப்படிப் பத்திரிகை படித்தவர்கள் ஆவார்கள் என்பது வடிவம்மாளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சொல்லச் சொல்லப் பொன்செல்விக்கும் அது பிடிபடாமல் போயிற்று.

வாகை மரத்தடிக்கு வந்தபோது பன்னிரண்டே முக்கால். ஷம்ஸியா நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

“உக்காரு. நீயே அடி. நான் அடிச்சா காசு வாங்கணும், அது தொழில் தர்மம்.”

பொன்செல்வி விரல்களை ஓட்டினாள். ‘ஆளில்லா மலையில் தன்னைத் தேடி அலையும் பரிதாபப் பெண்’ என்று தொடங்கினாள். தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த ஷம்ஸியா ‘ச்சூ’ கொட்டினாள்.

“பரிதாபத்த எடு. அலையுறத எடு. உள்ள இருக்கவங்களுக்குத் தலைப்பு வேண்டாம். யாரு, எங்க இருந்தாங்க, இப்ப எங்க இருக்காங்க, என்ன வேணும். அவ்வளவுதான். முதல் செமஸ்டர்ல அபிஜித் சார் எடுத்த பாடம்தான பிள்ள இது?”

பொன்செல்வி அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். ‘நான் மாஞ்சோலை எஸ்டேட்டில் முப்பத்தோர் ஆண்டுகள் தேயிலை பறித்தேன். தற்போது கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். எனது விதவை உதவித்தொகை இன்னும் மலை விலாசத்துக்கே செல்கிறது. அதனைப் பெறுவதற்காக ஒவ்வொரு மாதமும் மலைக்குச் சென்று வருகிறேன். எனது விலாசத்தை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ எட்டு வரிகளில் முடிந்துவிட்டது. அவள் தொண்ணூறு நாள் எழுதியவற்றில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாத முதல் பத்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது செய்தியாகவும் இல்லை, விளம்பரமாகவும் இல்லை என்பதுதான் சங்கடம்.

வடிவம்மாள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஷம்ஸியா அவளுடைய உறையைத் திருப்பிக் கொடுத்தாள். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் அலுவலர் கணினியிலிருந்து தலை நிமிர்ந்து, “நீங்க யாரும்மா? மகளா?” என்று பொன்செல்வியைக் கேட்டார்.

பொன்செல்வி வாயைத் திறப்பதற்குள் வடிவம்மாள் முந்திக்கொண்டாள்.

“எங்க கணக்கப்பிள்ள” என்றாள் வடிவம்மாள், அழுத்தமாக.

அலுவலர் சிரித்துக்கொண்டே ஒப்புகைச் சீட்டை அச்சிட்டுக் கொடுத்தார். ‘தங்கள் மனு பெறப்பட்டது. அறுபது நாள்களுக்குள் பதில் அளிக்கப்படும்.’ மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. அந்த நேரத்துக்குப் பீர் மைதீன் கடையில் நாடா வெட்டி, குத்துவிளக்குக்குப் பதிலாக வண்ண விளக்குகளை எரியவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்து முடித்திருந்தார்கள்.

மூன்றரைக்குக் கல்லூரி வாசலில் டார்லின் காத்திருந்தாள். கையில் நீளமான உறை, முகமெல்லாம் சிரிப்பு.

“ஏட்டி, ஏலம் கூவுற மாதிரியே கூவிட்டேன். ‘நூத்தியம்பது, நூத்தியம்பது, பாப்பா கவுனு நூத்தியம்பது’ன்னு. கடைக்குள்ள நிக்க எடமில்ல. பாய்க்கு ஒரே குஷி. இந்தா ஒன் லெட்டரு.”

பொன்செல்வி பிரித்துப் பார்த்தாள். பச்சை முத்திரை. ‘கடைமடைச் செய்தி நிறுவனர் செல்வி பொன்செல்வி அவர்கள் எமது கடைத் திறப்பு விழாவுக்கு நேரில் வந்திருந்து சிறப்பாக ஒளிபரப்பினார். அவரது சேவையில் மனநிறைவு அடைந்தோம்.’

“நான் போகவே இல்லையேட்டி.”

“லெட்டரு நேத்தே அடிச்சாச்சாம். நீ வரலன்னு பாய்கிட்ட சொல்லத்தான் செஞ்சேன். ‘பிள்ள பாசாவட்டும், குடுத்துரு’ன்னுட்டாரு. நல்ல மனுசன். ஒண்ணும் யோசிக்காத, போ, மணியாவுது.”

துறை அலுவலகத்தில் அபிஜித் சார் மட்டும் இருந்தார். முப்பது வயது, கௌரவ விரிவுரையாளர். முதல் பருவத்தின் முதல் வகுப்பில், ‘போகாத இடத்துக்குப் போனதாக எழுதாதே’ என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டவர். இப்போது மேசைமேல் கடிதங்களை அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டி உறையை வாங்கினார்.

“பதினெட்டு! அப்பாடா. பதினேழோட நின்னுருமோன்னு பயந்துட்டேன்மா.”

“சார், அதுல எழுதியிருக்கது நடக்கல. நான் கடைக்குப் போகல.”

அவர் முகம் மாறியது. கதவை ஒரு முறை பார்த்தார்.

“நீ இப்ப சொன்னத நான் கேக்கல. வெளிய போயிட்டு மறுபடி உள்ள வா.”

பொன்செல்வி வெளியே போனாள். குடிநீர்க் குழாயருகே நின்றாள். இப்படியும் ஒரு வழி இருக்கிறதா, இது வழிதானா என்று விளங்காமல் மறுபடி உள்ளே வந்தாள்.

“சார், நான் கடைக்குப் போகல.”

அபிஜித் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பொன்செல்வி, உனக்கு மட்டும் இல்லம்மா, எனக்கும் இதுதான் பேப்பர். பதினெட்டுப் பேருக்குப் பதினெட்டு லெட்டர் காட்டுனாத்தான் ஜூன்ல என்னை மறுபடி எடுப்பாங்க. நூறு சதவீதம்னு எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க.”

அவளுக்கு இது தெரியாது. சார் என்றால் நாற்காலியும் சம்பளமும் உள்ளவர், தங்களைப்போல அலைபவர் அல்லர் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தாள். கடிதத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போனால் அவளும் சாரும் தேறிவிடலாம். பீர் மைதீன் பாய்க்கும் வருத்தமில்லை. பொய் என்று யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் எல்லாருக்கும் நல்லதாக இருக்கும் ஒன்று ஏன் மனத்துக்கு ஒப்பவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. ஒருத்தியிடம் பதியாததைப் பதிந்தாயிற்று என்று சொன்னது காலையில்தானே நடந்தது? அதைச் சரி செய்யவே பகல் முழுதும் போய்விட்டது.

“ஒரு வெள்ளத்தாள் குடுங்க சார்” என்றாள்.

நின்றபடியே எழுதினாள். இன்று காலை ஆட்சியர் அலுவலகத்தில் வடிவம்மாள் என்பவருடைய பெயரைத் தன் குறிப்பேட்டில் எழுதியது; அவர் அதையே பதிவு என நம்பிச் சென்றது; அவரைத் திரும்ப அழைத்து வந்து மனு எழுதிப் பதிவு செய்தது; அதன் எண்; அதனால் கடைத் திறப்புக்குப் போகாதது; கடையில் நேரலை செய்தவர் டார்லின் என்பது. கையெழுத்திட்டு நீட்டினாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

அபிஜித் இரண்டு முறை படித்தார்.

“இது என்னதும்மா? விளம்பரதாரர் கடிதமா, செய்தியா, மனுவா?”

“தெரியல சார்.”

“பெறுநர், துறைத் தலைவர்னு போட்டிருக்க.”

“மத்தியானம் அப்படித்தான் அடிச்சேன், அதே மாதிரி வந்துட்டு.”

அவர் பீர் மைதீனின் கடிதத்தை உறையிலிட்டு அவளிடமே கொடுத்தார். “இத அவர்கிட்டயே குடுத்துரு. நல்ல வார்த்தை சொல்லிக் குடு.” இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, அவள் எழுதிய தாளின் தலையில் குத்தினார். ‘பெறப்பட்டது.’ கீழே தேதியும் நேரமும் போட்டுச் சுருக்கொப்பம் வைத்தார். அதை நகலெடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“பாஸா சார்?”

“மேல அனுப்புறேன். இத என்னன்னு எடுத்துக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது. என் பைலும் அங்கதான் கெடக்கு.” பதினேழு கடிதங்களின் மேல் அந்தத் தாளை வைத்தார், எடுத்துத் தனியாக வைத்தார், மறுபடி மேலேயே வைத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தாள்.

“தாயி, நான்தான். பக்கத்து வீட்டுப் போனு, நம்பர எம் மவன் குடுத்தான். வீடு வந்து சேந்துட்டேன். ஒனக்கு என்னாச்சு? துணிக்கடைக்காரரு குடுத்தாரா?”

“குடுத்தாரும்மா. நான் வேண்டாம்னுட்டேன். வேற எழுதிக் குடுத்திருக்கேன். பதிஞ்சிருக்காவ.”

வடிவம்மாளின் குரல் கூர்மையாயிற்று. “எங்கன? நோட்டுலயா, சீட்டுலயா?”

பொன்செல்விக்குச் சிரிப்பு வந்தது. “சீட்டுலதாம்மா. முத்திரையோட.”

“அப்பச் சரி. எனக்கு அறுபது நாளுன்னு போட்டிருக்கு, இந்த வீட்டுப் பிள்ள வாசிச்சுச் சொன்னா. ஒனக்கு எத்தன நாளு?”

பொன்செல்வி நகலை விரித்துப் பார்த்தாள். முத்திரை இருந்தது, தேதி இருந்தது, சுருக்கொப்பம் இருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

“அது போடலம்மா” என்றாள்.